மின்ஜியும் போதும்பொண்ணும்: ஒரு பெயரின் அர்த்தம் எங்கே இருக்கிறது?

போன பொங்கலுக்கு விருதுநகர் போயிருந்தபோது நடந்தது. என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், கொரியத் தொடர் பைத்தியம். தொடரில் வரும் யாரைப் பற்றியோ தன் தோழியிடம் போனில் "மின்ஜி இப்படி, மின்ஜி அப்படி" என்று பேசிக்கொண்டிருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னத்தா, மிஞ்சியா? கால்ல போடுற மிஞ்சியா?"

"இல்ல பாட்டி, அது ஒரு பொண்ணு பேரு. கொரியாவுல."

"மிஞ்சின்னா பேரு வச்சிருக்காக? அப்ப மிஞ்சிப் போன பிள்ளைதான். எத்தனாவது பொண்ணாம்? என்னைய மாதிரி நாலாவதா?"

எல்லாரும் சிரித்தோம். அத்தையும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது, ஏனென்றால் அத்தையின் பெயர் போதும்பொண்ணு.

இந்தக் கட்டுரை அந்தத் திண்ணையில் தொடங்கினாலும், இதை எழுத வைத்தது வேறொரு வேலை. சிவகாசியில் சின்னதாக ஒரு ஆப்செட் அச்சகம் வைத்திருக்கும் என் கல்லூரி நண்பன், குழந்தைகளுக்கான பெயர்ப் புத்தகம் ஒன்று போட வேண்டும், காலண்டர் சீசன் முடிந்த பிறகு மெஷின் சும்மா கிடக்கிறது, "நீதான் இந்த ஆராய்ச்சியெல்லாம் பண்றியே, பேரும் அர்த்தமுமா ஒரு லிஸ்ட் ரெடி பண்ணிக் கொடு" என்று கேட்டிருந்தான். நானும் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் பெயர்ப் புத்தகங்கள் நாலைந்தை வாங்கி, இணையத்தில் இருக்கும் பட்டியல்களையும் சேர்த்து, ஒரு நிரல் எழுதி எல்லாவற்றையும் இரண்டு பத்திகளாக அடுக்கி வைத்திருந்தேன். இடது பக்கம் பெயர், வலது பக்கம் அர்த்தம். பார்க்க அழகாக இருந்தது. பொங்கல் முடிந்து திரும்பியதும் முதல் வேலையாக அதில் அத்தையின் பெயரைத் தேடினேன். இல்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. சாத்தூர், சிவகாசி, திருத்தங்கல் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் ஒரு காலத்தில் ரெண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட பெயர் பட்டியலில் இல்லை. ஆனால் மின்ஜி இருந்தது: "மின்ஜி - புத்திசாலி (கொரியப் பெயர்)".

முதலில் அந்த மின்ஜியைப் பார்த்துவிடலாம். அதிலேயே பட்டியலின் குளறுபடி தெரிந்துவிடுகிறது.

கொரியப் பெயர்கள் பெரும்பாலும் மூன்று அசை. முதல் அசை குடும்பப் பெயர் (கிம், லீ, பார்க்), அடுத்த இரண்டும் சேர்ந்துதான் ஆளின் பெயர். அந்த இரண்டு அசைகளுக்கும் பின்னால் பெரும்பாலும் இரண்டு சீன எழுத்துகள் மறைந்திருக்கும். அந்த எழுத்துகளை அவர்கள் ஹஞ்சா என்கிறார்கள். அன்றாடம் எழுதுவது ஹங்குல் எழுத்தில்தான். ஒலி ஒன்று, ஹஞ்சா பல. "மின்" என்ற ஒலிக்குச் சுறுசுறுப்பான புத்தி என்று ஒரு எழுத்து, மக்கள் என்று ஒரு எழுத்து, பச்சைக்கல் போன்ற ஒரு மணிக்கல் என்று இன்னொன்று, சாந்தம் என்று வேறொன்று. "ஜி"க்கு அறிவு, மனஉறுதி, ஒரு வகை மருந்துக் காளான் என்று போகிறது. 1990களில் கொரியாவில் பிறந்த பெண்களிடையே மிகவும் பரவலான பெயர்களில் ஒன்று மின்ஜி. ஒரே வகுப்பில் மூன்று மின்ஜி இருந்தால் மூன்று பேருக்கும் மூன்று அர்த்தம் இருக்கலாம். அப்பா அம்மா எந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்தார்கள் என்று தெரியாமல் "மின்ஜி என்றால் என்ன?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. பெயருக்கு இன்னின்ன ஹஞ்சாதான் வைக்கலாம் என்று 1991லிருந்து அங்கே உச்ச நீதிமன்றமே பட்டியல் வைத்திருக்கிறது. இப்போது அதில் 8,000க்கும் மேல் எழுத்துகள். இதெல்லாம் வேண்டாம் என்று சுத்தக் கொரியச் சொல்லிலேயே பெயர் வைப்பவர்களும் உண்டு. ஹனுல் என்றால் வானம், நாரி என்றால் லில்லிப்பூ. (நாரி என் மகளுக்குப் பிடித்திருக்கிறது. நரி என்று கூப்பிட்டு அவளை அழ வைத்தது அவள் தம்பி.)

கொரியா என்று எழுதியதுமே "அம்மா, அப்பா அங்கேயும் இருக்கிறதே, அப்படியானால் அவர்கள் தமிழர்தானே?" என்று கேட்கப் பலர் காத்திருப்பார்கள் என்று தெரியும். அந்த ஆசை நமக்கு மட்டும் வந்ததில்லை. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905லேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கணமே போட்டுவிட்டார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. குழந்தை உதடு சேர்த்து முதலில் எழுப்பும் ஒலி எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மின்ஜியும் மிஞ்சியும் ஒன்றுபோலக் கேட்பதை வைத்து என் அத்தை ஒரு முடிவுக்கு வந்தாரே, நாமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ஆனால் அத்தை ஒலியை வைத்துத் தப்பாகத் தொடங்கினாலும், கேட்ட கேள்வி சரியான கேள்வி: "எத்தனாவது பொண்ணாம்?" பெயர்ப் புத்தகம் எதுவும் இதைக் கேட்பதில்லை.

நம் ஊர்ப் பெயர்களுக்கு ஹஞ்சா கிடையாது. ஆனால் அதற்குச் சமமான ஒன்று உண்டு. அது வீட்டு நினைவில் இருக்கிறது. அந்த வீட்டில் அந்த நினைவு போய்விட்டால் பெயர் வெறும் ஒலியாகிவிடும், யார் வேண்டுமானாலும் எந்த அர்த்தத்தை வேண்டுமானாலும் அதில் ஏற்றலாம்.

இதற்கு எங்கள் ஊரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. காமராஜ். நான் சேர்த்த பட்டியல்களில் இதற்குக் கிடைத்த அர்த்தங்கள்: "மன்மதன்", "அன்பின் அரசன்", ஒன்றில் "ஆசைகளின் தலைவன்". பிரித்துப் பார்த்தால் வருவது அதுதான், காமம் கூட்டல் ராஜா. வாழ்நாள் முழுக்கக் கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷனுக்கு இப்படி ஒரு அர்த்தம்!

உண்மையில் நடந்தது என்ன? 1903 ஜூலை 15ஆம் தேதி விருதுபட்டியில் (ஊருக்கு விருதுநகர் என்ற பெயர் 1923இல்தான் வந்தது) குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் பிறந்த பையனுக்குக் குலதெய்வம் காமாட்சியின் பெயரைத்தான் வைத்தார்கள். ஆண்பிள்ளைக்கு அம்மன் பெயர் வைப்பது நம் பக்கத்தில் அதிசயமில்லை. மாரி, காளி, பேச்சி என்ற பெயரில் மீசை வைத்தவர்கள் எத்தனை பேர்! அம்மா மட்டும் அவனை "ராஜா" என்று கொஞ்சியிருக்கிறார். சாமி பெயரில் பாதி, அம்மா கொஞ்சியதில் பாதி, இரண்டும் ஒட்டிக் காமராஜ் ஆனது. ஆக அதில் இருக்கும் "காம" ஒரு சொல்லே அல்ல. அது காமாட்சி என்ற பெயரின் ஒடிந்த துண்டு. "ராஜ்" என்பதும் பட்டமல்ல, ஒரு தாயின் செல்லப்பேச்சு. அகராதியைத் திறந்தால் இரண்டு பாதிக்கும் தப்பான பதில்தான் வரும்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. என் அப்பா பெயரும் காமராஜ். 1955இல் பிறந்தவர். காமராஜர் முதலமைச்சராகி ஒரு வருஷம் ஆகியிருந்த நேரம். எங்கள் குலதெய்வம் காமாட்சி கிடையாது, இருக்கன்குடி மாரியம்மன்தான் எல்லாம். ஆக என் அப்பா பெயரில் காமாட்சியும் இல்லை, சிவகாமி அம்மாளின் கொஞ்சலும் இல்லை. அதில் இருப்பது ஒரு முதலமைச்சர், "நம்ம ஊர் ஆள் கோட்டைக்குப் போயிட்டாரு" என்ற பெருமிதம். அதே எழுத்துகள், வேறு பெயர்.

எழுத்துகள்கூட அதே இல்லை. தனித்தமிழ் அன்பர்கள் காமராசர் என்று எழுதுவார்கள். 1985 மார்ச்சில் ராமநாதபுரத்திலிருந்து எங்கள் மாவட்டத்தைப் பிரித்தபோது காமராஜர் மாவட்டம் என்று வைத்தார்கள். 1997இல் எங்கள் பக்கத்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைக்கப்போய் அது சாதி மோதலாக வெடித்தது. எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லா போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு மொத்தமாக எடுத்துவிட்டது. நான் பள்ளியில் சேர்ந்தது ஒரு மாவட்டத்தில், படித்து முடித்தது இன்னொரு மாவட்டத்தில். வீடு மாறவில்லை. ஒரு பெயருக்கு "வீரன்" என்று அகராதி அர்த்தம் இருப்பதால் பஸ் கண்ணாடி உடைவதில்லை. அந்தப் பெயரை யார் யாருக்கு முன்னால் வைக்கிறார்கள் என்பதால்தான் உடைகிறது. இரண்டு பத்திப் பட்டியலில் இதற்கு இடமில்லை.

இப்போது அத்தை பெயருக்கு வருகிறேன்.

என் அப்பாவுக்கு மேலே நாலு அக்கா. மாரியம்மாள், முத்துமாரி, காளியம்மாள், நாலாவது போதும்பொண்ணு. மூன்று பேருக்கும் சாமி பெயர் வைத்த தாத்தா நாலாவது பிள்ளைக்குச் சாமி பெயர் வைக்கவில்லை, சாமிக்கு ஒரு மனு எழுதி அதைப் பிள்ளை மேல் ஒட்டிவிட்டார். அடுத்துப் பிறந்தது என் அப்பா. அதனால் எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பெயரைப் பற்றி வருத்தம் இருந்ததே இல்லை. "எம்பேரு ராசியானது" என்று அத்தையே சொல்வார். அந்தப் பெயர் பலித்தது என்றால் பலித்தது என் அப்பா. அவர் இல்லையென்றால் நான் இல்லை. இந்த விமர்சனத்தை எழுதும் ஆள், விமர்சிக்கப்படும் பெயரின் விளைவு. அதனால் நடுநிலையாக எழுதுவதாக நான் பாசாங்கு செய்ய முடியாது.

(எல்லா வீட்டிலும் பலித்ததா என்றால் இல்லை. அத்தை வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸின் கூலி நோட்டில் இன்னொரு போதும்பொண்ணும் இருந்தாராம். அவருக்குக் கீழே இரண்டு தங்கச்சிகள்.)

இது போன்ற பெயர்களைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக ஒரு தப்பு செய்கிறார்கள். குப்பை, குப்பம்மாள், பிச்சை, மண்ணாங்கட்டி என்ற பெயர்களோடு இதையும் ஒரே கூடையில் போட்டு, "இழிவுப் பெயர்கள், திருஷ்டி கழிக்க வைப்பது" என்று முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது.

குப்பம்மாள் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. இந்தப் பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுப்பார்கள், அல்லது தவிட்டுக்கு விற்றதாகப் பாவனை செய்து வாங்கிக்கொள்வார்கள். எமனே, இது குப்பை, உனக்கு வேண்டாத பொருள், விட்டுவிட்டுப் போ. கொரியாவிலும் இதே தந்திரம் உண்டு, பிள்ளைக்கு கெத்தொங்கி என்று கூப்பிடு பெயர் வைப்பார்கள். நாய் விட்டை என்று பொருள். பிள்ளை நீண்ட நாள் இருக்கட்டும் என்று. இந்தப் பெயர் ஒரு பொய். பிள்ளை மேல் உள்ள உயிரான ஆசையால் எமனிடம் சொல்லும் பொய். அந்தப் பெயரால் காக்கப்படுவது அந்தப் பிள்ளையே.

போதும்பொண்ணு பொய்யில்லை. அது சாமியிடம் சொல்லும் உண்மை. அதனால் காக்கப்படுவதும் அந்தப் பிள்ளை இல்லை, இன்னும் பிறக்காத இன்னொரு பிள்ளை. குப்பை என்று வசை போலக் கேட்கும் பெயர் அன்புப் பெயர். போதும்பொண்ணு என்று சாதுவாகக் கேட்கும் பெயர்தான் கையை விரிக்கும் பெயர். சொல்லை மட்டும் வைத்து எடை போட்டால் இது தலைகீழாகத்தான் தெரியும். யாரிடம் சொன்னது, யாருக்காகச் சொன்னது என்ற இரண்டு கேள்வியையும் கேட்டால்தான் நேராகும்.

கொரியாவில் இதற்கும் நேர் ஜோடி இருக்கிறது. அதைப் படித்தபோதுதான் அத்தையின் திண்ணைக் கேள்வி எவ்வளவு சரி என்று ஆச்சரியப்பட்டேன். அங்கே போன தலைமுறைப் பெண்களிடையே மல்சுன், குத்சுன் போன்ற பெயர்கள் உண்டு. "மல்", "குத்" இரண்டுமே கடைசி, முடிவு என்று பொருள் தருபவை. ஹூநாம் என்று இன்னொரு பெயர்: "பின்னால் ஆண்". பில்நாம்: "கட்டாயம் ஆண்". பெண்பிள்ளை தன் பெயரிலேயே ஆண்பிள்ளையைச் சுமக்கிறாள். 1992இல் கொரியத் தொலைக்காட்சியில் மகனும் மகளும் என்ற பொருளில் ஒரு தொடர் வந்து ஊரே பார்த்தது. இரட்டைப் பிள்ளைகள், பையன் பெயர் குயிநாம் (மதிப்பான ஆண்), பெண்ணின் பெயர் ஹூநாம். கதை முழுவதும் அந்தப் பெயர்களுக்குள்ளேயே இருக்கிறது. 2005இல் வந்த இன்னொரு தொடரின் நாயகி கிம் சாம்சூன். சாம் என்றால் மூன்று. பழைய பட்டிக்காட்டுப் பெயர் என்று அவமானப்பட்டு ஹீஜின் என்று மாற்றிக்கொள்ளத் துடிப்பாள். என் மகள் இதைப் பார்த்திருக்கிறாள். "அப்பா, இது நம்ம பாட்டி கதை" என்று அவளுக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசிக்கிறேன். பாட்டி பெயரை அவள் ஒரு முழுச்சொல்லாகவே கேட்டு வளர்ந்திருக்கிறாள், பிரித்துப் பார்த்ததே இல்லை. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான்.

மகாராஷ்டிராவில் நகுசா என்ற பெயர் இருக்கிறது, வேண்டாதவள் என்று அர்த்தம். 2011 அக்டோபரில் சாதாரா மாவட்டத்தில் அந்தப் பெயர் கொண்ட 285 பெண்பிள்ளைகளுக்கு ஒரே விழாவில் புதுப்பெயர் வைத்தார்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வாசிக்கும்போது தினமும் "வேண்டாதவள்" என்பதற்கு "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டிய பிள்ளைக்கு அது விடுதலை. ஆனால் பெயர் போய்விட்டால் விஷயம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறோமே, அங்கேதான் எனக்கு உதைக்கிறது.

கொரியக் கணக்கைப் பாருங்கள். 1990இல் அங்கே 100 பெண் குழந்தைகளுக்கு 116.5 ஆண் குழந்தைகள் பிறந்தன. இயற்கையாக 105, 106தான் இருக்க வேண்டும். அதே ஆண்டுகளில் பிறந்த பெண்பிள்ளைகளின் பெயர்கள் என்ன? மின்ஜி, சுஜின், ஜிஹே. அறிவு, மணிக்கல், அழகு. ஹூநாம் என்று வைக்கும் பழக்கம் அதற்குள் போய்விட்டது. போன காரணம் என்ன? சாமியிடம் மனுப்போட வேண்டிய வேலையை ஸ்கேன் மெஷின் எடுத்துக்கொண்டது. தாத்தா காலத்தில் நாலாவது பெண் பிறந்து, பெயர் வாங்கி, அந்தப் பெயரோடு எழுபது வருஷம் இருந்துவிட்டுப் போனாள். ஸ்கேன் வந்த பிறகு நாலாவது பெண் பிறக்கவில்லை. கொரியா அதிலிருந்து மீண்டு வந்தது, 2007 வாக்கில் விகிதம் இயல்புக்குத் திரும்பிவிட்டது. நம் நாட்டில் கருவின் பாலினம் சொல்லக் கூடாது என்று 1994இல் சட்டம் போட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்துவிட்டது.

ஆக, என் நண்பனின் புத்தகத்தில் போதும்பொண்ணு இல்லாததை "நாகரிகம் வளர்ந்துவிட்டது" என்று வாசிக்க முடியாது. அந்தப் பட்டியலில் பெண்பிள்ளைப் பெயர்கள் எல்லாம் ஒளி, செல்வம், வெற்றி, தேவதை. இனிப்புக் கடை மாதிரி இருக்கிறது. எல்லாப் பெயருமே ஆசைப்பட்டு வைத்த பெயர் என்று அந்த வலது பத்தி சத்தியம் செய்கிறது. அதுதான் அந்த மாதிரிப் புத்தகங்களின் பெரிய பொய், மன்மதன் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இங்கே என் சொந்த சபலம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அத்தை பெயரைப் பிரித்து உட்கார்ந்திருந்தபோது இலக்கணம் ஒரு வழி காட்டியது. "போதும்" என்பது "செய்யும்" என்ற வாய்பாடு. இந்த வாய்பாட்டுச் சொல் முற்றாகவும் நிற்கும், பெயரெச்சமாகவும் நிற்கும். தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் இருக்கிற விஷயம்தான். "குதிரை ஓடும்" என்றால் முற்று, "ஓடும் குதிரை" என்றால் பெயரெச்சம். "போதும், பொண்ணு" என்று நடுவில் காற்புள்ளி போட்டால் தாத்தாவின் மனு: பொண்ணு போதும் சாமி. காற்புள்ளியை எடுத்துவிட்டு "போதும் பொண்ணு" என்று படித்தால் ஓடும் குதிரை மாதிரி அது பெயரெச்சம்: போதுமான பொண்ணு. இவள் ஒருத்தி போதும், வேறு யாரும் வேண்டாம் என்று சொல்லக்கூடிய பொண்ணு! எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தைக்கு போன் போட்டுச் சொல்லலாம், புத்தகத்தில் சேர்க்கலாம், "போதும்பொண்ணு - நிறைவானவள்" என்று. இலக்கணப்படி யாரும் குறை சொல்ல முடியாது. விடிந்த பிறகுதான் உறைத்தது, நான் செய்யப் பார்த்ததும் மன்மதன் வேலைதான் என்று. காமராஜைக் காமம், ராஜா என்று வெட்டியவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவனும் சொல்லை வைத்துக்கொண்டு வீட்டை மறந்தான். அவன் செய்தது விவரமில்லாமல், நான் செய்தது பாசத்தால். 1952 வாக்கில் அந்த வீட்டில் நின்ற யாரும் பெயரெச்சத்தில் பேசவில்லை. தாத்தா சொன்னது முற்று.

ஆனாலும் போன மாதம் ஊருக்குப் போனபோது சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு அர்த்தத்தையும் சொன்னேன், எது தாத்தா சொன்னது என்பதையும் சேர்த்துத்தான். அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எங்கய்யா அப்படி நெனச்சிருக்க மாட்டாரு. ஆனா எங்கம்மா நெனச்சிருக்கலாம்ல? அவகளயார் கேட்டா?"

எனக்குப் பதில் இல்லை. நான் இதுவரை "வீட்டு நினைவு" என்று எழுதியதெல்லாம் தாத்தாவின் நினைவு. நாலு பெற்றெடுத்த பாட்டி அந்தப் பெயரை எந்த அர்த்தத்தில் கூப்பிட்டார் என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லை. தினமும் நூறு தடவை கூப்பிட்டவர் அவர்தான். கொரியாவில் ஒரே ஒலிக்கு இரண்டு ஹஞ்சா என்றால், எங்கள் வீட்டில் ஒரே பெயருக்கு இரண்டு வாய் இருந்திருக்கலாம்.

நண்பனிடம் புத்தகத்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது, நாலாவது பத்தி வேண்டும் என்றேன்: யார் வைத்தது, எப்போது, யாருக்குக் கேட்க வேண்டும் என்று வைத்தது. "இதெல்லாம் போட்டா எவன்டா வாங்குவான்?" என்றான். நியாயமான கேள்விதான். அவன் வயிற்றுப் பிழைப்பு.

அத்தையின் முதியோர் உதவித்தொகை அட்டையை அன்றைக்கு வாங்கிப் பார்த்தேன். யாரோ ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ததை மென்பொருள் தமிழாக்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் றன்னகரத்துக்கும் டண்ணகரத்துக்கும் ஒரே எழுத்துதானே, திரும்பி வரும்போது "போதும்பொன்னு" என்று வந்துவிட்டது. திருத்த மனு எழுதித் தருகிறேன், நாளைக்கே போகலாம் என்றேன்.

"வேணாம் ராசா, கெடக்கட்டும்" என்றார் அத்தை. "பவுன் விக்கிற வெலைக்கு, போதும்னு சொல்ற ஆளு நான் ஒருத்திதான்."